ரெக்கார்டு நோட்டில் இல்லாத ரீடிங்

"அண்ணா, எலெக்ட்ரானிக்ஸ் கத்துக்க ஆன்லைன்ல நல்ல கம்யூனிட்டி ஏதாவது சொல்லுங்களேன்" என்று வருடத்துக்கு நாலைந்து பேராவது என்னிடம் கேட்கிறார்கள். பெரும்பாலும் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவர்கள். ஈசிஇ படித்துவிட்டு என்னைப் போலவே சாஃப்ட்வேருக்கு வந்து சேர்ந்த பிள்ளைகள். முதல் சம்பளத்தில் ஒரு ஆர்டுயினோவும் பிரெட்போர்டும் வாங்கியிருப்பார்கள். நாலு வருடம் படித்தும் கையால் ஒன்றும் உருப்படியாகச் செய்யவில்லையே என்ற குறுகுறுப்பு. அந்தக் குறுகுறுப்பு எனக்கு நன்றாகத் தெரியும்.

முன்பெல்லாம் இதற்கென்றே ஒரு பட்டியல் வைத்திருந்தேன். டேவ் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலியர் 2009இல் தொடங்கிய ஈஇவிபிளாக், அதையொட்டி வளர்ந்த ஃபோரம். ஸ்டாக் எக்ஸ்சேஞ்சின் எலெக்ட்ரிக்கல் எஞ்சினியரிங் பகுதி. பழைய ஆசிலோஸ்கோப் பைத்தியம் பிடித்தவர்களுக்கு டெக்ஸ்கோப்ஸ். காப்பி பேஸ்ட் செய்து அனுப்பிவிட்டு அடுத்த மீட்டிங்குக்குப் போய்விடுவேன். இப்போது அனுப்புவதில்லை. பட்டியலில் தப்பில்லை. வாங்கிப் போகிறவர்கள் அங்கே என்ன ஆகிறார்கள் என்று பார்த்துவிட்டேன்.

ஒரு தம்பி இதில் ஓர் இடத்தில் கேள்வி போட்டான். "மை சர்க்யூட் நாட் ஒர்க்கிங், கைண்ட்லி ஹெல்ப்." கூடவே பிரெட்போர்டின் ஒரு போட்டோ, நூடுல்ஸ் மாதிரி ஒயர்கள். அரை மணி நேரத்தில் பதில் வந்தது. சர்க்யூட் டயகிராம் எங்கே? எந்தெந்தப் பாயின்டில் என்ன அளந்தாய்? என்ன வரும் என்று எதிர்பார்த்தாய், என்ன வந்தது? தம்பி முகம் சுருங்கிப் போய் என்னிடம் வந்தான். "ரொம்ப ரூடா பேசறாங்கண்ணா." அன்றைக்கே கேள்வியை டெலீட் செய்துவிட்டு, ஆயிரக்கணக்கான பேர் இருக்கும் ஒரு டெலிகிராம் குரூப்பில் போய்ச் சேர்ந்துவிட்டான். அங்கே யாரும் எதையும் கேட்பதில்லை. "பிடிஎஃப் ப்ளீஸ்", "கோடு கிடைக்குமா ப்ரோ", "ஃபைனல் இயர் புராஜெக்ட் ரெடி, 100% ஒர்க்கிங், கான்டாக்ட் இன்பாக்ஸ்." நாள் முழுக்க இதுதான் ஓடுகிறது.

வெளிநாட்டு ஃபோரம்களில் எல்லாரும் புனிதர்கள் என்று சொல்ல வரவில்லை. இந்தியப் பெயரைப் பார்த்தாலே "ஹோம்வொர்க்கா?" என்று கேட்கும் கிழடுகள் உண்டு, எனக்கே நடந்திருக்கிறது. ஆனால் "என்ன அளந்தாய்?" என்ற கேள்வி அந்த வகையைச் சேர்ந்ததில்லை. அங்கே அது ஒருவரையொருவர் மதிக்கிற முறை. நீயும் ஒரு ஆள், உன்னிடம் மீட்டர் இருக்கிறது, சொல், பார்ப்போம் என்று அர்த்தம். அது ஏன் நமக்கு மட்டும் அவமானமாகத் தோன்றுகிறது என்பதுதான் என் கேள்வி.

என் கதையையே சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்க எல்எம்2596 போட்ட ஒரு பக் கன்வர்ட்டர் மாட்யூல் வாங்கினேன். நூறு ரூபாய்க்குள் எங்கேயும் கிடைக்கும் சின்ன நீல போர்டு. லோடு கொடுத்ததும் தொட முடியாத சூடு. டேட்டாஷீட்படி அந்த ஐசி 150 கிலோஹெர்ட்ஸில் ஸ்விட்ச் ஆக வேண்டும். என் செகண்ட் ஹேண்ட் ஸ்கோப் ஐம்பது சொச்சம் காட்டியது.

முதலில் ஸ்கோப்பைச் சந்தேகப்பட்டேன். பிறகு ப்ரோபை. பிறகு டைம்பேஸ் குமிழை. கடைசியில் என்னையே. கிட்டத்தட்ட இரண்டு வாரம் இப்படிப் போயிற்று. ஐசியை மட்டும் சந்தேகப்படத் தோன்றவேயில்லை. அதன் முதுகில்தான் எல்எம்2596 என்று அச்சடித்திருக்கிறதே! ஒரு ராத்திரி தேடிக்கொண்டிருக்கும்போது பழைய உரையாடல் ஒன்று சிக்கியது. எங்கோ இருக்கும் யாரோ ஒருவர், இதே மாதிரி மாட்யூல், இதே ஐம்பது சொச்சம், ஸ்கோப் திரையின் படத்தோடு போட்டிருந்தார். கீழே இன்னும் நாலைந்து பேர், எனக்கும் எனக்கும் என்று. மலிவு மாட்யூல்களில் போலி ஐசி வருகிறது. அதே குடும்பத்து மூத்த ஐசியான எல்எம்2576 52 கிலோஹெர்ட்ஸில் ஓடக்கூடியது, அதற்கோ அதன் நகலுக்கோ புதுப் பெயர் அடித்து விற்கிறார்கள் போல என்று அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஸ்விட்ச்சிங் வேகம் மூன்றில் ஒன்றானால் அதே இண்டக்டரில் ரிப்பிள் கரன்ட் மூன்று மடங்காகும். சூடு ஏறாமல் என்ன செய்யும்?

அந்த ராத்திரி எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. பதில் கிடைத்தது அதில் பாதிதான். நான் பார்த்தது உண்மை, என் கண்ணும் கையும் சரியாகத்தான் இருக்கின்றன என்று யாரோ முன்பே எழுதி வைத்திருந்தார்கள் என்பது மீதிப் பாதி.

சரி, அப்புறம் நான் என்ன செய்தேன்? டேபை மூடிவிட்டுத் தூங்கப் போனேன். "எனக்கும்" என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. என் ஸ்கோப் படம் இன்னும் என் போனிலேயே கிடக்கிறது.

*

இந்தப் பழக்கம் எங்கே தொடங்கியது என்று யோசித்தால் ஒரே இடத்துக்குத்தான் போய் நிற்கிறேன். ரெக்கார்டு நோட்டு.

எஞ்சினியரிங் படித்தவர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காக: லேபில் செய்த சோதனையை முதலில் அப்சர்வேஷன் நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கி, பிறகு ரெக்கார்டு நோட்டில் அழகாக எழுத வேண்டும். ஆர்சி கப்பிள்டு ஆம்ப்ளிஃபையர் என்று ஒரு சோதனை வரும். ஒரு பிசி107 டிரான்சிஸ்டர், நாலைந்து ரெசிஸ்டர், மூன்று கப்பாசிட்டர். அதிர்வெண்ணை மாற்றி மாற்றி கெயினை அளந்து செமிலாக் ஷீட்டில் வரைந்தால், இரண்டு பக்கமும் சரிந்து நடுவில் தட்டையாக ஒரு மலை மாதிரி வரும். வர வேண்டும். எங்கள் லேபில் வராது. பிரெட்போர்டு தளர்ந்திருக்கும், சிஆர்ஓவின் ஒரு சேனல் செத்திருக்கும், டிரான்சிஸ்டர் எத்தனை பேட்ச் பார்த்ததோ. வராவிட்டாலும் மலை வரைந்தாக வேண்டும். சீனியரின் ரெக்கார்டை வாங்கி, அவர் கர்வில் இருந்து ரீடிங்கைத் திரும்ப எழுதி, சந்தேகம் வராமலிருக்க கடைசி இலக்கத்தை மட்டும் கொஞ்சம் அங்கே இங்கே தள்ளி, கீழே ரிசல்ட்: வெரிஃபைடு.

நான் அப்படி எழுதினேன். என் பெஞ்சில் இருந்தவன் எழுதினான். எங்கள் சீனியரும் அவருடைய சீனியரிடமிருந்துதான் எழுதியிருப்பார். அந்த மலையை முதன்முதலில் நிஜமாக அளந்தவர் யார் என்று யாருக்கும் தெரியாது. நிஜமாகக் கிடைத்த ரீடிங்கை ஒரு தடவை எழுதிக் கொண்டுபோனேன். நோட்டு மேசை மேலிருந்து திரும்பிப் பறந்து வந்தது. "வரலைன்னா வர்ற மாதிரி எழுதத் தெரியாதா?"

நாலு வருடம், செமஸ்டருக்கு இரண்டு லேப், லேபுக்குப் பத்து சோதனை. இத்தனை தடவை பயிற்சி கொடுத்தால் எந்தக் கலையும் கைவந்துவிடும். தப்பான ரீடிங் என்பது தகவல் என்று யாரும் சொல்லித்தரவில்லை. அது ஒளித்து வைக்க வேண்டிய கறை. இப்படி வளர்ந்தவனிடம் போய் முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரர் "என்ன அளந்தாய்?" என்று கேட்டால் அவன் காதில் "வைவா" என்றுதான் விழும்.

நம் குரூப்களில் ஏன் எல்லாமே "100% ஒர்க்கிங்" என்று இப்போது புரிகிறதா? தொண்ணூறு சதவீதம் ஓடியது, மழை நாளில் ஓடவில்லை, காரணம் பிடிபடவில்லை என்று ஒருத்தர் எழுதினால் அங்கே ஒரு உரையாடல் தொடங்கும். நமக்கு உரையாடலைத் தொடங்கத் தெரியாது. ரிசல்ட் எழுதி மூடத்தான் தெரியும்.

*

இதற்கு நேரெதிராக ஒரு நோட்டை நான் பார்த்திருக்கிறேன். கோவில்பட்டியில் எங்கள் தெருமுனையில் டி.வி. ரிப்பேர் கடை வைத்திருந்த அண்ணாச்சியுடைய டைரி. ஏதோ ஜவுளிக்கடை புது வருஷத்துக்குக் கொடுத்தது. ஒன்பதாம் வகுப்பு லீவில் அந்தக் கடையில் போய் உட்கார்ந்திருப்பேன். அதில் அவர் எழுதியிருந்தது ஏறத்தாழ இப்படி இருக்கும்: "செட் டெட். கன்டென்சர் 100/25 மாத்தினேன். ஓடலை. ஐசி மாத்தினேன். ஓடலை. 270கே ஸ்டார்ட்டிங் ரெசிஸ்டென்ஸ் ஓப்பன். ஓடுது. ஐசி வீணா மாத்திட்டேன்." அதற்குக் கீழே வேறு பேனாவில், மூன்று மாதம் கழித்த தேதியில்: "திரும்பி வந்துது. அதே ரெசிஸ்டென்ஸ். அரை வாட் போட்டேன்."

ஓடலை, ஓடலை, ஓடுது, திரும்பி வந்துது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர் இப்படித்தான் எழுதினார், பி.இ. படித்த நான் மலை வரைந்தேன். ஒரு நல்ல கம்யூனிட்டிக்கு என்ன அடையாளம் என்று இனிமேல் யாராவது கேட்டால் இந்தப் பக்கத்தைத்தான் காட்டுவேன். உறுப்பினர் எண்ணிக்கை, ரிப்ளை வரும் வேகம் எதுவும் எனக்கு முக்கியமில்லை. "வீணா மாத்திட்டேன்" என்று எழுத அங்கே ஆள் இருக்கிறதா? மூன்று மாதம் கழித்து வந்து "திரும்பி வந்துது" என்று எழுத ஆள் இருக்கிறதா?

அண்ணாச்சி ரிப்பேர் முடித்ததும் செட்டை நேராக மெயின்ஸில் சொருக மாட்டார். நூறு வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டுத்தான் கரன்ட் கொடுப்பார். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், செட் தப்பிக்கும். எல்லாம் சரியென்றால் ஒரு கணம் மின்னி மங்கிவிடும். பல வருடம் கழித்து ஓர் ஆங்கில ஃபோரத்தில் இதே உத்தியை "டிம் பல்ப் டெஸ்டர்" என்ற பெயரில் படித்தேன். ஆகா என்று அதை புக்மார்க் கூடச் செய்தேன். அப்புறம்தான் உறைத்தது. நான் இதைப் பதினாலு வயதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஆங்கிலத்தில் வந்தபோதுதான் அது எனக்கு அறிவாகத் தெரிந்திருக்கிறது.

*

இங்கே மொழிச் சண்டைக்குள் இறங்காமல் தப்பிக்க முடியாது.

என் மேசையில் ஒரு காம்பொனென்ட் டெஸ்டர் இருக்கிறது. எந்த டிரான்சிஸ்டரை, கப்பாசிட்டரை, டயோடைச் சொருகினாலும் கால்களைத் தானே கண்டுபிடித்து மதிப்பைத் திரையில் காட்டும். சீனாவில் இருந்து பல பெயர்களில் வந்து உலகம் முழுக்கச் சல்லிசாகக் கிடைக்கிற சாமான். அதன் பூர்வீகம் ஜெர்மன். மைக்ரோகன்ட்ரோலர்.நெட் என்ற ஃபோரத்தில் மார்க்குஸ் ஃப்ரேயெக் என்பவர் ஏடிமெகா8 வைத்துச் செய்து, சர்க்யூட்டையும் புரோகிராமையும் அப்படியே போட்டார். கார்ல்-ஹைன்ஸ் கூப்லர் என்று இன்னொருவர் அதை எடுத்து மேலும் வளர்த்து நூறு பக்கத்துக்கும் மேல் விளக்கம் எழுதினார். மூன்று கால், காலுக்கு ஒரு 680 ஓம், ஒரு 470 கிலோஓம் ரெசிஸ்டர். மீதியெல்லாம் புத்தி. எந்தச் சூழலில் தப்பாகக் காட்டும், ஏன் காட்டும் என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. சார்ஜ் இருக்கிற கப்பாசிட்டரைச் சொருகினால் டெஸ்டர் செத்துவிடும் என்று எச்சரித்தும் இருக்கிறார்கள். நான் அதைப் படிக்காமல் எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்து கழற்றிய 450 வோல்ட் கப்பாசிட்டரைச் சொருகி ஒன்றைக் கொன்றேன். அண்ணாச்சியிடம் போனில் சொன்னதற்கு, "டிஸ்சார்ஜ் பண்ணாமலா வச்ச? எஞ்சினியர்தானலே நீ?" என்று சிரித்தார்.

இந்த உரையாடல் முழுக்க ஜெர்மனில் தொடங்கியது. போலந்தில் எலெக்ட்ரோடா என்று ஒன்று இருக்கிறது, போலிஷ் மொழியில். பழைய வாஷிங் மெஷினில் தொடங்கி என்ன பழுதையும் அங்கே பேசிவைத்திருக்கிறார்கள். ரஷ்யர்களுக்கு ரேடியோகோட், அதாவது ரேடியோப் பூனை. போலந்தின் மக்கள்தொகை நாலு கோடிக்கும் குறைவு. தமிழ்நாட்டில் மட்டும் 2011 கணக்கெடுப்பில் ஏழு கோடிக்கு மேல். "தமிழ்ல எழுதினா யாரு ப்ரோ படிப்பா?" என்று கேட்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம்.

கல்லூரியில் ஒரு லெக்சரர் இருந்தார். வைவாவில் "கன்டென்சர்" என்று சொன்ன பையனை நிற்க வைத்து, "நீ என்ன டி.வி. மெக்கானிக்கா? கப்பாசிட்டர்னு சொல்லு" என்றார். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். பிறகுதான் தெரிந்தது, ஜெர்மன்காரர்கள் இன்றைக்கும் கொண்டென்ஸாட்டோர் என்றுதான் சொல்கிறார்கள், போலந்துக்காரர்களும் ரஷ்யர்களும் அதே. அங்கே அது பாடப்புத்தகச் சொல். ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. மெக்கானிக் வாயில் இருந்தால்தான் அது கொச்சை போலிருக்கிறது.

இந்தப் பக்கம் இப்படியென்றால் அந்தப் பக்கம் நம் கலைச்சொல் அன்பர்கள். யாராவது தப்பித்தவறி தமிழில் ஒரு சர்க்யூட்டை விளக்கினால் போதும், மின்தேக்கியா கொள்ளளவியா என்று ஐம்பது கமென்ட். சர்க்யூட் ஓடுமா ஓடாதா என்று ஒரு கமென்ட் கூட இருக்காது. மின்தேக்கி நல்ல சொல்தான், பள்ளிப் புத்தகத்தில் இருக்கட்டும், நானே சில இடங்களில் எழுதுவேன். ஆனால் சொல் முடிவாகட்டும், பிறகு எழுதலாம் என்று காத்திருந்த எந்த மொழியிலும் இந்த மாதிரி இடங்கள் உருவானதாகத் தெரியவில்லை. தெரிந்த சொல்லில் எழுதினார்கள். ட்ரை சோல்டர், உப்பிப்போன கன்டென்சர், ஒத்தைக் கோடு விழுந்த டி.வி. என்று நம்மிடம் வேலை செய்கிற ஒரு முழு அகராதியே இருக்கிறது. எழுதத்தான் ஆள் இல்லை.

தமிழ் யூடியூபில் நன்றாகச் சொல்லித்தருகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் எனக்குச் சண்டையில்லை. சில பேர் செய்யும் ரிப்பேரைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். ஆனால் எனக்கு வேண்டிய ஒரு ரெசிஸ்டர் மதிப்பு பதினெட்டு நிமிட வீடியோவின் பன்னிரண்டாம் நிமிடத்தில் வாய்வார்த்தையாக இருக்கிறது. அதை எந்தத் தேடலில் பிடிப்பது? வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டின் கதி அதைவிட மோசம். மெக்கானிக்குகளின் குரூப்களில் ஒரு நாளைக்குப் பேசப்படும் விஷயத்தில் அரைப் புத்தகம் போடலாம். மறுநாள் காலை ரோஜாப்பூ குட்மார்னிங்குகளுக்கு அடியில் அது புதைந்துபோகிறது. போன் மாற்றினால் அதுவும் போச்சு.

"இதெல்லாம் வசதி இருக்கிற நாட்டுக்காரன் செய்வான்" என்று ஒரு பதில் தயாராக இருக்கும். ஹைதராபாத்தில் அஷ்ஹர் ஃபர்ஹான் என்று ஒரு ஹாம் ரேடியோ ஆள். வியூ2ஈஎஸ்ஈ என்பது அவருடைய அழைப்புக்குறி. பிட்எக்ஸ்20 என்று 14 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசக்கூடிய டிரான்சீவர் ஒன்றை வடிவமைத்து இணையத்தில் போட்டார். காயில் சுற்ற வேண்டிய டொராய்டு வளையங்கள் இந்தியாவில் சாதாரணமாகக் கிடைக்காது. அவர் தண்ணிக் குழாய்க்குப் போடும் வாஷரில் சுற்றினார். அதை ஒளிக்கவில்லை, வாஷர் என்றே எழுதினார். உள்ளூர்க் கடையில் கிடைக்கும் சாமான்களை வைத்தே மீதியையும் அமைத்தார். வெவ்வேறு நாட்டு ஆட்கள் அதைச் செய்து பார்த்து, எங்கே கத்துகிறது, எங்கே சூடாகிறது என்று எழுத எழுத அதைச் சுற்றி ஒரு கூட்டமே உருவாயிற்று. இங்கே கிடைப்பது இவ்வளவுதான் என்று அவர் வெட்கப்படாமல் எழுதியதில் இருந்து வந்த கூட்டம் அது.

2014இல் ஈஎஸ்பி8266 வந்தபோதும் இதுதான் நடந்தது. சில டாலருக்கு வைஃபை சிப், ஆனால் விவரமெல்லாம் சீன மொழியில். அது வேண்டுமென்று நினைத்த உலகத்து ஆட்கள் உட்கார்ந்து மொழிபெயர்த்தார்கள், தட்டித்தட்டிப் பார்த்து என்ன கட்டளைக்கு என்ன பதில் வருகிறது என்று எழுதி வைத்தார்கள். அடுத்த வருடமே ஆர்டுயினோவில் இருந்து அதை ஓட்டலாம் என்றாகிவிட்டது. உள்ளே சரக்கு இருந்தால் மொழியைத் தாண்டி ஆள் வருவார்கள். சீனத்துக்கு வந்தவர்கள் தமிழுக்கு வர மாட்டார்களா?

புத்திசாலி ஒருத்தர் என்னிடம் சொன்னார்: "எழுதி என்ன பிரயோஜனம்? கம்பெனி ஒருநாள் மூடிட்டுப் போயிடும்." வாஸ்தவம்தான். யாஹூ குரூப்ஸ் 2019 கடைசியில் பல வருடத்துக் கடிதங்களை இணையத்தில் இருந்து எடுத்துவிட்டது, 2020 டிசம்பரில் கடையையே மூடியது. ஆனால் டெக்ஸ்கோப்ஸ்காரர்களும் பிட்எக்ஸ்20காரர்களும் மூட்டை கட்டிக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள். அந்தக் கடிதங்கள் தங்களுடையவை என்று அவர்கள் நினைத்தார்கள். நம் டெலிகிராம் குரூப் நாளைக்குக் காணாமல் போனால் எதைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம்? அந்த "பிடிஎஃப் ப்ளீஸ்"களையா?

இன்னொரு கோஷ்டி, "இப்ப எதுக்கு கம்யூனிட்டி? சாட்பாட்கிட்ட கேட்டா சொல்லிடுது" என்கிறது. நானும் கேட்கிறேன், தினமும் கேட்கிறேன், என் சம்பளமே அதைச் சுற்றித்தான் ஓடுகிறது. எல்எம்2596 எத்தனை கிலோஹெர்ட்ஸில் ஓடும் என்று கேட்டேன். 150 என்றது. டேட்டாஷீட்டில் அப்படித்தான் இருக்கிறது. எனக்கு ஐம்பது சொச்சம்தான் வருகிறது என்றதும், ப்ரோபைச் சரிபார், டைம்பேஸைச் சரிபார் என்று நான் இரண்டு வாரம் நடந்த அதே தெருவில் என்னைக் கூட்டிப்போனது. போலியாக இருக்கலாமோ என்று நான் கேட்ட பிறகுதான், ஆமாம், அப்படியும் புகார்கள் உண்டு என்றது. அந்தப் புகார்களை அதற்கு யார் கொடுத்தது? எங்கோ ஒருவர் ஸ்கோப் படத்தோடு எழுதி வைத்தது. யாரும் எழுதாத பழுது அதற்கும் தெரியாது. கோவில்பட்டியில் வோல்ட்டேஜ் ஏறி இறங்கும் ராத்திரிகளில் எந்த செட்டில் எது போகும் என்பது அண்ணாச்சிக்குத் தெரியும், அவர் டைரிக்குத் தெரியும்.

அண்ணாச்சி இப்போது டி.வி. பார்ப்பதில்லை. பேனல் போனால் பேனல் விலையே புது செட் விலைக்குப் பக்கத்தில் வருகிறது, யார் ரிப்பேருக்குக் கொடுப்பார்கள்? மிக்ஸி, ஃபேன், இன்வெர்ட்டர் என்று ஓட்டுகிறார். மூன்று தீபாவளிக்கு முன் அந்த டைரியில் பதினோரு பக்கத்தைப் போட்டோ எடுத்தேன். "எதுக்குலே இது?" என்றார். "நெட்ல போடப் போறேன் அண்ணாச்சி. ரெட்ரோ டி.வி. செய்றவங்க உலகம் பூரா இருக்காங்க, கேம் விளையாட பழைய டப்பா டி.வி.தான் வேணும்னு தேடறாங்க." அவருக்கு ஒரே சிரிப்பு. அதற்குப் பிறகு ஊருக்குப் போகும்போதெல்லாம் கேட்பார். "போட்டியா? யாராச்சும் எதுவும் கேட்டாவளா?" இன்னும் போடவில்லை அண்ணாச்சி, வேலை ஜாஸ்தி. போன பொங்கலுக்கும் அதையேதான் சொன்னேன்.

இவ்வளவு பேசுகிறவன் செய்தது அவ்வளவுதான். பன்னிரண்டு வருடமாக எடுத்துக்கொண்டே இருக்கிறேன், ஒரு ரீடிங் கொடுத்ததில்லை. அந்தத் தம்பியைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது.

போன வாரம் ஒரு பக்கத்தை டைப் அடிக்க உட்கார்ந்தேன். ஒத்தைக் கோடு கேஸ்: திரை நடுவில் படுக்கையாக ஒரே ஒரு வெள்ளைக் கோடு, மேலும் கீழும் இருட்டு. வெர்டிகல் ஐசிக்கு சப்ளை போகும் வழியில் இருந்த ஃப்யூசிபிள் ரெசிஸ்டர் ஓப்பன், மாற்றியதும் படம் வந்துவிட்டது என்று அவர் கையெழுத்து. மதிப்பு 47 என்று இருந்தது. ஏதோ உறுத்தியது, போன் போட்டேன்.

"நாப்பத்தேழா? யார்லே சொன்னா? நாலு புள்ளி ஏழு. புள்ளி விட்டுப்போயிருக்கும், பாரு. நாப்பத்தேழு போட்டா படம் மேலயும் கீழயும் சுருங்கிப் போவும்."

"எப்படி அண்ணாச்சி இவ்வளவு கரெக்டா சொல்றீங்க?"

"போட்டுப் பாத்திருக்கேம்லா. அந்த செட்டு மறுநாளே திரும்பி வந்துச்சு. அதை அடுத்த பக்கத்துல எழுதியிருப்பேன், நீ போட்டோ எடுக்கலை போல. அதையும் சேத்து எழுது."